மேல்வீட்டுத் தரை, கீழ்வீட்டுக் கூரை: வீவக நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டம், என் அனுபவம்

போன தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் பார்த்தேன். குளியலறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. நடுவில் பெயிண்ட் கொப்புளித்து, ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்தார். இரண்டே வாரத்தில் கறை கோட்டைத் தாண்டி மூன்று விரல் வெளியே வந்துவிட்டது.

எங்களுடையது சிங்கப்பூர் அங் மோ கியோவில் வீவக, அதாவது அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எழுபதுகளின் கடைசியில் கட்டிய மூவறை வீடு. 99 ஆண்டுக் குத்தகையில் கிட்டத்தட்ட பாதி ஓடிவிட்டது. தரைக்கு அடியில் பூசிய நீர்காப்புப் பூச்சு மட்டும் அத்தனை காலம் தாங்குமா?

மேல்வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி தனியாக இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது. இருவருக்கும் பொதுவானது ஈரச்சந்தையில் பழகிய மலாய்தான். "ஆயர் போச்சோர், ஆன்ட்டி" என்றேன், தண்ணீர் ஒழுகுகிறது என்று. உள்ளே கூட்டிப்போய்க் குளியலறைத் தரையை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். "லந்தாய் கெரிங்!" தரை காய்ந்துதான் இருந்தது, அவர் பொய் சொல்லவில்லை. டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் அடியில் இருக்கும் சிமெண்ட் பூச்சில் ஊறி, நீர்காப்புப் பூச்சு விட்டுப்போன இடமாகப் பார்த்துக் கான்கிரீட்டுக்குள் போகிறது. மேலே இருப்பவர் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. குழாய் உடைந்திருந்தால் யாரும் குளிக்காத நேரத்திலும் சொட்டும். எங்கள் வீட்டில் ஆன்ட்டி குளித்து அரை மணி நேரம் கழித்துத்தான் சொட்ட ஆரம்பிக்கும்.

யார் பொறுப்பு என்று வழக்காடுவதை விட நாமே அடைத்துவிடலாம் என்று ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். கீழிருந்தே துளை போட்டு ஊசியால் பசை ஏற்றினார்கள். ஒரு மணி நேர வேலை, 380 வெள்ளி. மூன்று மாதம் கழித்து அதே தண்ணீர் இரண்டடி தள்ளி வேறு வழி கண்டுபிடித்து, சரியாக மர அலமாரிக்கு மேலே இறங்கியது. போன் செய்தால், "வாரண்டி பழைய இடத்துக்கு மட்டும்தான் மேடம்" என்றார்கள். பெயர் வேண்டாம், அவர்களுக்கு அரை நட்சத்திரம். துளை மட்டும் நேராகப் போட்டிருந்தார்கள்.

அப்புறம்தான் வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குப் போனேன். கணக்கு எளிது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் தளம் இருவருக்கும் பொது. அவருக்குத் தரை, நமக்குக் கூரை. செலவில் பாதியை வீவக ஏற்கிறது. மீதியில் மேல்வீடு கால், கீழ்வீடு கால்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் அவர் வீட்டுத் தண்ணீர், நனைந்தது என் கூரை, நான் ஏன் கால் பங்கு கொடுக்க வேண்டும்? கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில், இருக்கும் தோழி வேறு ஏற்றிவிட்டாள். அவர்கள் இடத்தில் கூரை கசிந்தால் கோளாறு மேல்வீட்டில் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று மேல்வீட்டுக்காரர்தான் காட்ட வேண்டும். வீவக வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சரி என்று காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 1,440 வெள்ளி, என் பங்கு 360. ஊசிக்காரருக்குக் கொடுத்ததை விட 20 வெள்ளி குறைவு! அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இதில் உண்மையான கஷ்டம் மேல்வீட்டுச் சம்மதம்தான். அவர் கதவைத் திறந்தால்தானே வேலை நடக்கும். கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஆன்ட்டிக்குப் பயம். இரண்டு மாதம் இழுத்தது. பார்க்க வந்த அதிகாரி எங்கள் கூரையைப் போனில் படமெடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், இது யார் தப்பும் இல்லை, வீட்டுக்கு வயதாகிவிட்டது என்று அவர் மொழியிலேயே சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் தருவேன்.

வேலை நான்கு நாள். பழைய டைல்ஸை உடைத்தெடுத்து, புதிதாக நீர்காப்புப் பூச்சு போட்டு, தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். கீழே நான் டிஷ்யூவைக் கூரையில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்தே இருந்தது.

அந்த நான்கு நாளும் ஆன்ட்டி குளிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். முதல் நாள் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக உள்ளே போனவர், வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. என்னவோ என்று பயந்து கதவைத் தட்டினேன். திறந்து, கூரையைக் காட்டி, "பஞ்யாக்... பஞ்யாக்" என்றார். இவ்வளவா என்று. மறுநாள் ஒரு பை ஆரஞ்சு வந்தது.

குறை இல்லாமல் இல்லை. திட்டம் கூரைப் பழுதை மட்டும்தான் பார்க்கும். ஊறி உப்பிப்போன என் அலமாரிக்கு அதில் ஒரு காசு கிடையாது. வீவக கடனுக்காக எடுத்த தீக் காப்புறுதியும் வீட்டின் கட்டமைப்புக்குத்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு இல்லை. அதற்குத் தனியாக வீட்டுப் பொருள் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. ஆன்ட்டியிடம் கேட்கலாமா என்று மனதில் ஓடியது, ஆரஞ்சைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு. கசிவைப் பார்த்ததும் முதலில் விண்ணப்பம் போடுங்கள், ஊசிக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

கூரை இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. இந்தத் தீபாவளிக்குள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பென்சில் கோடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஆன்ட்டியின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் வருகிறார்களாம். அத்தனை பேரும் குளித்து முடிக்கட்டும், அப்புறம் அடிக்கலாம்.