ரயில் மேசை வாங்குவதற்கு முன் தண்டவாளத்தைப் பாருங்கள்

மூன்று வயதுப் பிள்ளைக்கு ரயில் மேசை, அதாவது பொம்மை ரயில் பாதை போட்டு விளையாடும் மேசை, வாங்கலாமா என்று கேட்டால், முதலில் தண்டவாளம், மேசை அப்புறம் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. மேசை சுமார் 120 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், ஒரு நீள்வட்டம், ஒரு பாலம், ஒரு கிளைப்பாதை போட்டாலே நிரம்பிவிடுகிறது. தரையில் அப்படியில்லை, நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து கட்டிலுக்கு அடியில் போய் ரயில் மறுபக்கம் வரும், பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

மர ரயில் என்றால் பிரியோ அளவுதான் கணக்கு. அந்த ஸ்வீடன் நிறுவனம் 1958-இல் தன் மர ரயிலைக் கொண்டுவந்தது. பிறகு வந்த ஐகியா, ஹாபே போன்ற நிறுவனங்களின் மர ரயில்களும் பெரும்பாலும் அதே பள்ளம், அதே இணைப்பு என்பதால் கலந்து போட்டாலும் ஓடும். லெகோ டூப்லோ என்ற பிளாஸ்டிக் ரயில் இதோடு சேராது, அது வேறு வகைப் பாதை. தனியாகத் துண்டுகள் வாங்கும்போது, எட்டு வளைவு சேர்ந்தால் ஒரு முழு வட்டம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சாதாரணத் துண்டில் ஒரு முனையில் முளை, மறுமுனையில் அது பொருந்தும் துளை இருக்கும். இரண்டு பக்கமும் துளை உள்ள துண்டு, இரண்டு பக்கமும் முளை உள்ள துண்டு என்று சிலது கையில் இல்லாவிட்டால், கடைசித் துண்டு மட்டும் சேராமல் முரண்டு பிடித்து உங்களைப் பாடாய்ப் படுத்தும்.

நான் முதலில் பார்ப்பது இணைப்பைத்தான். எங்களிடம் இருக்கும் ஒரு செட்டில் (பெயர் வேண்டாம்) மரமுளை அவ்வளவு இறுக்கம், மழைநாளில் மரம் ஊதிக்கொண்டால் பெரியவர்களே இரண்டு கையாலும் பிடுங்க வேண்டும். பிள்ளை நேராக மேலே தூக்காமல் பக்கவாட்டில் நெம்பும், முளையின் கழுத்து ஒடிந்துவிடும். அதனால் கொஞ்சம் தளர்வாக இருப்பதே மேல். தண்டவாளத்தை மேசையில் பசை போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், கலைத்துப் போடுவதில்தான் பாதி விளையாட்டே இருக்கிறது.

பெட்டிகளை இணைக்கும் காந்தம் உள்ளே சுழலும் வகையாகப் பாருங்கள். அசையாத காந்தம் என்றால் பெட்டியைத் திருப்பி வைத்தவுடன் இன்ஜினைத் தள்ளிவிட்டு ஓடும், பிள்ளை அழும். பேட்டரி இன்ஜினை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், அது வந்தபின் எங்கள் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

சரி, மேசை எப்போது பிரயோஜனம்? வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கட்டாயம், அதன் கைக்கு எளிதில் எட்டாது. போட்ட பாதை மறுநாள் வரை கலையாமல் இருக்கும், கூட்டிப் பெருக்குபவருக்கும் நிம்மதி. பலகை கனமானதாக இருக்கட்டும். மெல்லிய பலகை நடுவில் தொய்ந்தால் இணைப்புகள் வாயைப் பிளக்கும், ரயில் சரியாக அந்த இடத்தில்தான் கவிழும். சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், அந்தப் பக்கம் எட்டாமல் பிள்ளை மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பழைய செட் மலிவாகக் கிடைத்தால் தண்டவாளத்தைத் தயங்காமல் வாங்கலாம். பெயிண்ட் அடித்த பெட்டிகளில்தான் கவனம் வேண்டும்: 2007-இல் அமெரிக்காவில் தாமஸ் என்ற கார்ட்டூன் ரயிலின் மர பொம்மைகள் சுமார் 15 லட்சம், பெயிண்டில் ஈயம் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. காந்தம் ஆடினாலோ கழன்றிருந்தாலோ அந்தப் பெட்டியை எடுக்கவே வேண்டாம், விழுங்கினால் குடலுக்கு ஆபத்து.