‘பூச்சி தீண்டிருச்சுங்க’: பாம்புக்கடி மருந்துக்கு ஒரு மதிப்புரை

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லப் பலர் தயங்குவார்கள். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். ‘பூச்சி’ என்பார்கள். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு வந்து ‘பூச்சி தீண்டிருச்சுங்க’ என்று ஒருவர் சொல்ல, சென்னையில் பிறந்து வளர்ந்து இந்தக் கிராமத்துப் பக்கம் முதல் பணிக்கு வந்திருக்கும் மருத்துவர் அதைக் குளவிக்கடி என்று நினைத்து ஒரு அலர்ஜி ஊசி போட்டு அனுப்பிவிட்டால், அலமாரியில் இருக்கும் விஷமுறிவு மருந்து யாருக்கும் பயன்படாது. அதனால்தான் இங்கே மருந்துக் குப்பியையும், அது நோயாளியைச் சென்றடையும் வழியையும் சேர்த்தே எடைபோடுகிறோம்.

முதலில் குப்பி. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. உரிமம் பெற்ற இருளர் பழங்குடியினர் பிடித்து வரும் பாம்புகளை மண்பானையில் வைத்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தால் அதுவே மருந்து. இருளரான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே இருளர் சமூகத்துக் குடும்பம் ஒன்று கடிபட்டு வரும்போது வாசலில் ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்ற அதட்டலைத்தான் முதலில் கேட்கிறது என்றால் மனசு பொறுக்கவில்லை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்து. கரைத்த மருந்தில் 1 மி.லி., நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் தலா 0.6 மி.கி.யை முறிக்கும், மற்ற இரண்டில் தலா 0.45 மி.கி.யை முறிக்கும். ஆகவே கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. செத்த பாம்பும் கடிக்கும். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் தேடி நேரத்தைப் போக்கக் கூடாது.

தூளாக வரும் குப்பி, திரவமாக வருவதைவிடச் சூட்டைத் தாங்கும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதுவே ஏற்றது. ஒரு குப்பிக்கு 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும். விஷம் ஏறியதற்கான அறிகுறி இருந்தால் முதல் தவணை 8 முதல் 10 குப்பி, சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் குழந்தை என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ‘பிள்ளைக்குப் பெரியாளு மருந்தா?’ என்று பதறி டிரிப்ஸைக் கழற்றச் சொல்வார்கள்.

குறைகளும் உண்டு. கடல் பாம்புக் கடிக்கு இது வேலை செய்யாது, காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம்: அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது. முன்சோதனை ஊசி போட்டு இதைக் கணிக்க முடியாது. ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை முன்பே ஊசியில் எடுத்து வைத்துக்கொண்டு (பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில்), மருந்து ஏறத் தொடங்கியதும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் நிறுத்தி, அடங்கியதும் மெதுவாகத் தொடர வேண்டும். ஒவ்வாமைக்குப் பயந்து மருந்தையே கைவிட்டால் விஷம் முறியாமல் உடம்பிலேயே இருக்கும்.

விரியன் கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு எளிய சோதனையும் கெடுகிறது. சோப்புத் தூளில் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயை இதற்கென்றே தனியாக வைத்திருக்கும் நிலையத்தை நம்பலாம்.

இனி, வாசலில் கேட்கும் கேள்விகள். குடிசையில் தரையில் படுப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது. ‘கடிச்ச இடத்தைக் காட்டுங்க’ என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். ‘ராத்திரி தரையிலயா படுத்தீங்க? கண்ணை முழுசாத் தொறக்க முடியுதா?’ என்று கேட்க வேண்டும். ஊரில் மிளகையும் வேப்பிலையையும் மெல்லக் கொடுத்து, காரமும் கசப்பும் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆகவே ‘வாயில ஏதாவது குடுத்தீங்களா?’ என்பது கட்டாயக் கேள்வி, அதைத் திட்டாமல் கேட்க வேண்டும். திட்டினால் வைத்தியரிடம் போனதையும் பச்சிலை குடித்ததையும் மறைத்துவிடுவார்கள். மறைத்தால் கடித்த நேரமும் தப்பாகும்.

இறுக்கிக் கட்டிய கயிற்றைப் பார்த்ததும் அறுத்தெறிவது இன்னொரு தவறு. கட்டு திடீரென்று அவிழ்ந்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். டிரிப்ஸ் லைன் போட்டு, மருந்தும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையும் (Ambu bag) தயாரான பிறகு மெதுவாகத் தளர்த்த வேண்டும். அறிகுறி தெரியும் நோயாளியை முதல் தவணை தராமல் சென்னைக்கு அனுப்பக் கூடாது. வழியில் போகும் இரண்டு மணி நேரத்தை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியாலும் திருப்பித் தர முடியாது. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைத் தாக்கினால் டயாலிசிஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்குள் எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதி அனுப்பினால் அங்குள்ளவர்களுக்குப் பேருதவி.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். 2024-இல் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. எங்கே எத்தனை குப்பி தேவை என்று கணக்கிட இது உதவும். ஆனால் ‘பூச்சிக்கடி’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டது அந்தக் கணக்கில் வராது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்பும் வரலாம்; அது குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, மாத்திரையில் அடங்கும். சொல்லாமல் விட்டால் ‘விஷம் திரும்பிடுச்சு’ என்று பயந்து நேரே மந்திரிக்கப் போவார்கள். கடித்த தேதி, கொடுத்த குப்பிகளின் எண்ணிக்கை, ஒவ்வாமை வந்ததா என்ற மூன்றையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, கூட வந்தவருக்குப் படித்துக் காட்டிக் கொடுத்தனுப்புங்கள்.