ரோட்டோர வேலை பாதுகாப்பு ட்ரெயினிங்: ஆன்லைனா, நேர்லயா?

முனிசிபல் ஆளுங்களுக்கும் ஃபயர், ஆம்புலன்ஸ் டீமுக்கும் ஆன்லைன் கோர்ஸ் போதுமா, இல்ல கிரவுண்ட்ல வச்சே சொல்லிக் குடுக்கணுமான்னு நெறைய பேர் கேக்குறாங்க.

செலவு:
ஆன்லைன்: கம்மி. ஷிஃப்ட்ட நிறுத்தாம அவங்கவங்க நேரத்துல முடிச்சுக்கலாம்.
நேர்ல: கோன், போர்டு, வண்டி, பயிற்சியாளர்னு நல்லாவே ஆகும்.

மனசுல நிக்கிறது:
ஆன்லைன்: 80 கிமீ வேகத்துல வர்ற வண்டி செகண்டுக்கு சுமார் 22 மீட்டர் போகும்னு படிப்பாங்க, அவ்ளோதான்.
நேர்ல: அதே 22 மீட்டர மைதானத்துல அளந்து கோன் வச்சு, டிரைவர் பிரேக்க தொடறதுக்குள்ள வண்டி எங்க வந்துரும்னு காட்டினா, எச்சரிக்கை போர்ட ஏன் அவ்ளோ முன்னாடி வைக்கணும்னு அப்புறம் யாருமே கேக்க மாட்டாங்க. கோன சாய்வா அடுக்கி லேன சுருக்குறது, கொடி காட்டுறவர் ஒதுங்க வழி பாத்து நிக்கிறது எல்லாம் செஞ்சு பாத்தாதான் வரும்.

அப்டேட்:
விதி மாறினா ஆன்லைன்ல மாத்துறது ஈஸி.

எமர்ஜென்சி டீமுக்கு முன்கூட்டியே பிளான் போட நேரமே கிடையாது, போய் இறங்கின உடனே பெரிய வண்டிய டிராஃபிக் வர்ற பக்கத்துல ரோட்டுக்குக் குறுக்கா, சாய்வா நிறுத்தி ஆளுங்களுக்கு மறைப்பு குடுக்கணும், ராத்திரின்னா ஃபிளாஷர் வெளிச்சம் டிரைவர் கண்ண கூசவச்சிரும், அதையும் பாக்கணும். அதனால இவங்களுக்கு நேர்லதான், ராத்திரியிலயும் ஒரு தடவ கண்டிப்பா.

புதுசா சேர்றவங்க, கொடி காட்டுறவங்களுக்கும் நேர்லதான். அனுபவம் உள்ளவங்க ஞாபகப்படுத்திக்க ஆன்லைன் போதும்.