ஒரே ரெப்போ, கையில் ரெண்டு வேலை: ஸ்டாஷா, வொர்க்ட்ரீயா, இன்னொரு குளோனா?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதுகிற நம்மவர்களுக்கு இது பழகிய தொல்லை. புது வசதிக்கான பிராஞ்சில், அதாவது கோடின் தனிக் கிளையில், பாதி வேலை கிடக்கும், கம்பைல்கூட ஆகாது. அந்த நேரம் பார்த்துத்தான் புரொடக்‌ஷன் லைனிலிருந்து போன் வரும்: போன ரிலீஸில் கோளாறு, சாயங்காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கோடின் மாற்றங்களை ரெப்போ என்ற களஞ்சியத்தில் பதிந்துவைக்கும் கிட் பயன்படுத்துகிறவருக்கு அப்போது மூன்று வழி உண்டு: ஸ்டாஷ், வொர்க்ட்ரீ, இன்னொரு குளோன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்றுதான் பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். எது பொதுவில் இருக்கிறது, எது தனியாக இருக்கிறது என்று கேட்டால்தான் வித்தியாசம் புரியும்.

முடிக்காத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷ் பத்து நிமிட வேலைக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். கிட் இன்னும் கண்காணிக்காத புதுக் கோப்புகளை அது தானாக எடுத்துவைக்காது. தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூச லீவுக்கு முன்னால் ஸ்டாஷில் போட்டதை லீவு முடிந்து வந்து பார்த்தால், எது எதற்கென்று பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதைவிட மோசம் பில்ட். பழைய பிராஞ்சுக்குப் போய்த் திரும்பினால், இரண்டுக்கும் நடுவே வேறுபடும் கோப்புகளுக்கெல்லாம் புது நேரம் பதிவாகும். பில்ட் செய்யும் ‘மேக்’ அதை நம்பி மறுபடி கம்பைல் செய்யும். எல்லாரும் இன்க்ளூட் செய்கிற ஒரு ஹெடர் அதில் இருந்துவிட்டால் போச்சு, போகும்போது ஒரு முழு பில்ட், வரும்போது இன்னொன்று. மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடித்துவிட்டு வரலாம், லைனில் காத்திருக்கிறவர்தான் பாவம்.

வொர்க்ட்ரீ 2015-இல், கிட் 2.5-உடன் வந்தது. ‘கிட் வொர்க்ட்ரீ ஆட்’ என்று சொல்லி ஃபோல்டர் பெயரையும் பிராஞ்சையும் கொடுத்தால், பக்கத்தில் இன்னொரு வேலை ஃபோல்டர் உருவாகும். அதற்குள் முழு ரெப்போ கிடையாது. ‘டாட் கிட்’ என்பது அங்கே ஒரு சின்னக் கோப்பு, மூல ரெப்போ எங்கே என்று மட்டும் சொல்லும். ஹெட்டும் (இப்போது எந்த பிராஞ்சில் இருக்கிறோம் என்ற குறிப்பு) இண்டெக்ஸும் (அடுத்த கமிட்டுக்குத் தயாராக வைத்தவை) ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனி. கமிட்டுகள் (பதிந்த மாற்றங்கள்), பிராஞ்சுகள், ஹூக்குகள் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்கள்), கான்ஃபிக் எல்லாம் பொது. ரிலீஸ் ஃபோல்டரில் போட்ட திருத்தத்தை இந்தப் பக்கம் வந்து உடனே செரி-பிக் செய்து இந்த பிராஞ்சிலும் சேர்க்கலாம், புஷ்ஷும் வேண்டாம் ஃபெட்ச்சும் வேண்டாம். இரண்டு ஃபோல்டரின் பில்ட்டும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கும். எனக்கு இந்த ஒன்றே போதும்.

வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, ரெண்டு ஃபோல்டர்லயும் மெயின் பிராஞ்சத் திறந்தா விடமாட்டேங்குதே?” விடக்கூடாது தம்பி. இங்கே ஒரு கமிட் போட்டால் பிராஞ்ச் முன்னால் நகர்ந்துவிடும். அங்கே இருக்கும் கோப்புகளோ பழசு. அந்த ஃபோல்டரில் ‘ஸ்டேட்டஸ்’ பார்த்தால், நீ இப்போது போட்ட கமிட்டை நீயே கலைத்ததுபோல் காட்டும். வெறுமனே பார்க்கவோ பில்ட் செய்யவோதான் என்றால், எந்த பிராஞ்சோடும் ஒட்டாமல் ‘டிடாச்’ சொல்லித் திற.

பொது என்பதில் தொந்தரவும் உண்டு. ஸ்டாஷ் பட்டியலும் பொதுதான், இந்த ஃபோல்டரில் போட்டதை அந்த ஃபோல்டரில் பாப் செய்து எடுத்துவிட முடியும். கிட் கண்காணிக்காத அமைப்புக் கோப்புகளும் இறக்கிவைத்த லைப்ரரிகளும் புது ஃபோல்டருக்கு வராது. மறுபடி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஃபோல்டரைக் கையால் அழித்தால், ‘அந்த பிராஞ்ச் இன்னும் அங்கே திறந்திருக்கிறது’ என்று கிட் அடம்பிடிக்கும். ‘வொர்க்ட்ரீ ரிமூவ்’ என்று முறையாகச் சொல்லுங்கள், அழித்தாகிவிட்டதென்றால் ‘ப்ரூன்’. ஃபோல்டர் வெளி டிஸ்க்கில் இருந்தால் ‘லாக்’ போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிவைத்த சமயத்தில் கிட் அதைச் செத்த கணக்கில் சேர்த்துவிடக்கூடும்.

ஆனால் சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் செருகிய வேறு ரெப்போ) நிறைந்த ரெப்போவில் நான் வொர்க்ட்ரீயைத் தொடுவதில்லை. சிப் கம்பெனி தருகிற எஸ்டிகே (மென்பொருள் கருவித் தொகுப்பு), ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) என்று எல்லாமே சப்மாட்யூலாக வருவதால் ஃபர்ம்வேரில் இது சாதாரணம். அதற்கான ஆதரவு முழுமையில்லை, இப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று கிட்டின் கையேடே சொல்கிறது. சப்மாட்யூல்களை ஒவ்வொரு வொர்க்ட்ரீக்கும் தனித்தனியாக இறக்குவதால் இட மிச்சமும் பெயருக்குத்தான்.

அங்கே தனி ரெப்போவாகவே நிற்கும் இன்னொரு குளோன்தான் நிம்மதி. ஒரே டிஸ்க்கில் உள்ள ரெப்போவிலிருந்து குளோன் செய்தால் கிட் கோப்புகளை நகலெடுக்காமல், இருப்பதையே காட்டும் ஹார்ட்லிங்க் போட்டுக்கொள்ளும், அதனால் ஆரம்பத்தில் இடம் அதிகம் போகாது. கான்ஃபிக்கும் தனி என்பதால் வாடிக்கையாளருக்கு வேறு ஈமெயிலில் கமிட் போடுகிறவர்களுக்கும் வசதி. ஹிஸ்டரியைத் திருத்தி எழுதும் விபரீத சோதனைகளை இதற்குள் செய்து பார்க்கலாம், கெட்டால் ஃபோல்டரோடு அழித்துவிடலாம். ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள்: இப்படி எடுத்த குளோனின் ‘ஆரிஜின்’ (புஷ் போய்ச் சேரும் இடம்) உங்கள் பழைய ஃபோல்டரைத்தான் காட்டும், சர்வரை அல்ல. ‘ரிமோட் செட்-யூஆர்எல்’ போடாமல் புஷ் செய்தால் திருத்தம் உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகாது. ‘ஷேர்ட்’ என்ற ஆப்ஷனுடன் குளோன் செய்யச் சொல்லும் யோசனையும் காதில் விழும். அதில் கமிட்டுகள் பழைய ஃபோல்டரிலேயே இருக்கும். அங்கே ஒரு பிராஞ்சை அழித்து, பிறகு குப்பை கூட்டும் வேலை ஓடினால், இங்கே ரெப்போ உடைந்துபோகலாம்.