கல்லடி, ஆரையம்பதிப் பக்கத்து மணல் கிணற்றுக்கு அரை எச்.பி. (குதிரைவலு) மோட்டர் போதுமா?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று நீளும் மணல் திட்டில் வீடு கட்டுபவர்கள் ஹாட்வெயார் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரு எச்.பி. மோட்டர். தாங்கி கெதியாக நிறையும் என்பதுதான் காரணம். இந்த மண்ணில் கெதியாக இழுப்பதுதான் கிணற்றைக் கெடுக்கிறது. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அரை எச்.பி. மோட்டரும் 1,000 லீற்றர் தாங்கியும் தாராளம். குறைகள் இல்லாத செட் அல்ல, அதையும் சொல்கிறோம்.

மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே மட்டம் இறங்க இறங்க அந்த அழுத்தம் குறைந்து, கிணற்றுக்கு நேர் கீழே உப்பு எழும்பும். 4 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 350 லீற்றர்தான். பெரிய மோட்டர் ஊற்று வந்து சேருமுன் இரண்டடியை இழுத்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் தேநீரில் சவர் தட்டினால் கிணற்றைத் திட்டுவதற்கு முன் மோட்டரைப் பார்க்கவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு துப்புரவு என்று கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில், கரையோரத்தில் பல கிணறுகளுக்கு உப்பு குறையாமல் கூடியதும் இதனால்தான்.

அரை எச்.பி. மோட்டரின் பெட்டியில் நிமிடத்துக்கு 35 லீற்றர் என்று போட்டிருக்கும். அது உயரமே இல்லாமல் ஓடும் கணக்கு. 15 அடித் தாங்கிக்கு ஏற்றும்போது 25 லீற்றர் வந்தால் நல்லது. அதாவது தாங்கி நிறைய 40 நிமிடம், செலவு அரை யுனிட்டுக்கும் குறைவு. காலையில் பாதி, பின்னேரம் பாதி என்று ஏற்றினால் கிணறு ஆறிக்கொள்ளும்.

இனிக் குறை. விலை குறைந்த அரை எச்.பி. மோட்டர்களில் பெரும்பாலானவை தண்ணீரைத் தள்ளும் சில்லு பித்தளையில் உள்ள சிறிய வகை. சில்லுக்கும் கூட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். மணல் போனால் தேய்ந்து இழுவை குறையும். சில வாரம் ஓடாமல் கிடந்தால் துருவேறி இறுகிவிடும். சுவிட்சைப் போட்டதும் “ம்ம்” என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரியும். கரண்டைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்து விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் சில்லு. லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கப்பாசிற்றர். பழையதில் அச்சிட்ட அதே அளவில் மாற்றவேண்டும். இரவு ஏழு எட்டு மணிக்கு வோல்டேஜ் இறங்கும் ஒழுங்கைகளில் அந்த நேரம் மோட்டர் போடாமல் விடுவதே நல்லது. மணல் வரும் கிணறென்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து சென்ட்ரிபியூகல் வகையை எடுங்கள். அது மணலை ஓரளவு தாங்கும்.

பொருத்துவதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. இழுவைக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட் வால்வு, கிணற்றடியிலிருந்து ஒரு அடியாவது மேலே நிற்கவேண்டும். இழுவைக் குழாய் மோட்டரை நோக்கி மெல்ல ஏறியே வரவேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கும். காலையில் தண்ணீர் வராமல், மேல் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினால் மட்டும் இழுக்கிறதென்றால் வால்வில் மணல் சிக்கியிருக்கிறது, அல்லது மூட்டில் காற்று எடுக்கிறது. தண்ணீரில்லாமல் ஓடவிட்டால், பம்புத் தண்ணீர் மோட்டர் பக்கம் வராமல் தடுக்கும் சீல் கருகி, மோட்டருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டைச் சும்மா விட்டால் அடுத்தது பெயாரிங்.

மோட்டரைப் பைப் தண்ணீர் இணைப்பில் நேரடியாகப் பூட்டவே கூடாது. தெருக்குழாயில் அழுத்தம் இல்லாதபோது வெடிப்புகளால் கான் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் பைப் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும், கிணறு மற்றதுக்கு என்று இரண்டு வழியாக வைப்பதே சரி. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். காத்தான்குடி வளவுகளில் அதற்கு இடம் ஏது?

நிறைந்த தாங்கி ஒரு தொன் பாரம். பிளாஸ்ரிக் தாங்கியின் அடி முழுவதும் சமதளத்தில் படவேண்டும். இரண்டு வளையின்மேல் வைத்தால் அடி வெடிக்கும். இரும்பு ஸ்டாண்ட் கடற்காற்றுக்கு நிலைக்காது, கொங்கிறீட்தான். 15 அடி உயரத்தில் கிடைப்பது அரை பாருக்கும் சற்றுக் குறைந்த அழுத்தம். ஷவரில் குளிக்கப் போதும், ஆனால் கீழிறங்கும் குழாயை முக்கால் அங்குலத்தில் போட்டுவிட்டு அழுத்தமில்லை என்று தாங்கியைக் குறைசொல்லக்கூடாது. ஒன்றேகால் அங்குலம் போடுங்கள். வழிவு குழாய்க்கு வலை அடியுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு நுளம்புக்கு விரலளவு ஓட்டை போதும். தாங்கி நிறைந்ததும் மோட்டரைத் தானே நிறுத்தும் புளோட் சுவிட்சும் சேர்த்து வாங்குங்கள். வழிந்த பிறகு ஓடிப்போய் நிறுத்துவது கிணற்றுக்கும் நட்டம்.

மாரியில் வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தொடும் இடமென்றால் மோட்டரை இரண்டடி மேடையில் வையுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மூழ்கிய மோட்டரைக் கழற்றிக் காயவைக்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. எர்த் வயரும், கரண்ட் கசிந்தால் தானே வெட்டும் ட்ரிப் சுவிட்சும் வெள்ளம் வராத வீட்டுக்கும் கட்டாயம்.

வாங்கும்போது அதே கடையில் சீல், கப்பாசிற்றர், சில்லு மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறோம் என்றால், அடுத்த கடைக்குப் போங்கள். உத்தரவாத அட்டையில் சுருள் எரிந்தால் உத்தரவாதம் உண்டா என்றும் வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.