டிராம்பே சோதனை உலையா, கல்பாக்கம் மின் உலையா?

செம்பூரில் எங்கள் மேல்மாடி மாமா டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அணு உலை எரிபொருளை இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே விட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். மாடிப்படியிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது.

கல்பாக்கம் கன நீர் (ஹெவி வாட்டர்) உலையின் எரிபொருள் கட்டு அரை மீட்டர் நீளம். 19 மெல்லிய குழாய்கள், உள்ளே யுரேனிய வில்லைகள். இயற்கை யுரேனியம் டன்னுக்குச் சராசரியாக 7,000 மெகாவாட் நாள் வெப்பம் தரும், அதாவது ஒரு மெகாவாட் வீதம் 7,000 நாள். அதில் எளிதில் பிளந்து சூடு தரும் வகையான யுரேனியம்-235-ஐ 0.9 சதவீதமாக ஏற்றினால் ஏறக்குறைய இரட்டிப்பு, கட்டும் உள்ளே அவ்வளவு அதிக நாள் இருக்கும். சரி, அத்தனை நாள் குழாய் தாங்குமா?

ஒரு வழி, ஆராய்ச்சி உலைக்குள் தனி நீர்ச் சுற்று வைத்துச் சோதிப்பது. டிராம்பேயின் சைரஸ் ஆராய்ச்சி உலையில் அப்படி ஒன்று இருந்தது. தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கான புளூட்டோனியக் கலப்பு எரிபொருளை அதில்தான் பார்த்தார்கள். அழுத்தம், வெப்பம் எல்லாம் நம் கையில். குழாய் வெடித்தாலும் அந்தச் சுற்றோடு போகும், ஊருக்குக் கரண்ட் நிற்காது. ஆனால் இடம் சில குழாய்களுக்குத்தான். சைரஸும் 2010 கடைசியில் மூடப்பட்டுவிட்டது.

இன்னொன்று, மின் உலையிலேயே ஏற்றிவிடுவது. கல்பாக்கம் இரண்டாம் அலகில் 0.9 சதவீதக் கட்டுகளை அப்படித்தான் ஏற்றினார்கள். கன நீர் உலை ஓடும்போதே இரண்டு முனையிலும் இயந்திரம் வந்து கட்டை மாற்றும். சந்தேகம் வந்த கட்டை உலையை நிறுத்தாமலே உருவலாம். கூடங்குளத்தில் இது நடக்காது, உலையை நிறுத்தித் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

என் ஓட்டு கல்பாக்கத்துக்கு. முழுக் கட்டு, பக்கத்துக் கட்டோடு உரசி, பாயும் நீரில் அதிர்ந்து, இடம் மாறும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கிப் படும் பாட்டைச் சின்னச் சுற்றில் அப்படியே கொண்டுவருவது கஷ்டம். மாமா ஒப்பவில்லை. “தெரியாத சரக்கை முதலிலேயே மின் உலையில் போடுவியா தம்பி?” என்றார். புத்தம்புது எரிபொருள் என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.

எங்கே எரிந்தாலும், நீர்த் தொட்டியில் ஆறிய பிறகு போவது கதிர்வீச்சு தாண்டாத தடித்த சுவர் அறைக்குத்தான். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இயந்திரக் கையால் குழாயைத் திருப்பிப் பார்ப்பார்கள். சூட்டில் வில்லை உடுக்கை மாதிரி இடை சிறுத்து, இரண்டு முனையும் விரிந்து குழாயைத் தள்ளும். வெளியே கரும்புக் கணு போல வரிசையாக மேடு தெரியும். அப்புறம் குழாயில் ஒரு பொத்தல் போட்டு, யுரேனியம் பிளந்ததில் உள்ளே சேர்ந்திருக்கும் செனான், கிரிப்டான் வாயுக்கள் எவ்வளவு என்று அளப்பார்கள். மாமா முதலில் கேட்பது அந்த அளவைத்தான்.