ஆசிய இசையை ஆராயும் ஒரு நல்ல இதழ்
சொசைட்டி ஃபார் ஏஷியன் மியூசிக் 1959-இல் தொடங்கிய ஆய்வுச் சங்கம். அவர்களுடைய 'ஏஷியன் மியூசிக்' இதழ் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது, கர்நாடக சங்கீதம், கமெலான் (இந்தோனேசியாவில் பெரும்பாலும் உலோகத் தட்டு வாத்தியங்களைக் கொண்ட குழு இசை), ஈரானிய இசை என்று எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பேசுவதுதான். பாலித் தீவின் கமெலானில் ஜோடி வாத்தியங்களை வேண்டுமென்றே சுருதி கொஞ்சம் விலக்கி வைப்பார்கள், இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி அலையடிக்கும். சுருதி சுத்தமே உயிர் என்று பழகிய காதுக்கு இது தனி உலகம்! நடை கொஞ்சம் கனம்தான், ஆய்வுக் கட்டுரைகள் ஆச்சே, நிதானமாகப் படிக்க வேண்டும். அப்புறம், கட்டுரை பேசுகிற இசையைத் தேடிக் கேட்டுக்கொண்டே படியுங்கள், பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். சங்கத்தில் சேர்ந்தால் இதழும் கூடவே வரும்.